மதுரையோடு மூடிவைத்த காப்பியம்

கடினமான நூலைப் பாதியில் மூடிவைத்தால் பழி வாசகர் தலையில்தான் விழும். பொறுமை போதவில்லை, பழந்தமிழ் பிடிபடவில்லை, செல்போன் வந்து கெடுத்துவிட்டது என்று காரணங்களுக்கும் பஞ்சமில்லை. ஆளுக்கொரு பக்கத்தில் விட்டிருந்தால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடலாம். ஒரு நாடே, தலைமுறை தலைமுறையாக, ஒரே இடத்தில் ஒரு நூலை மூடிவைத்தால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். சிலப்பதிகாரம் அப்படி மூடப்பட்ட நூல். புகார்க் காண்டத்தில் 10, மதுரைக் காண்டத்தில் 13, வஞ்சிக் காண்டத்தில் 7 என்று அதில் 30 காதைகள். கதை தெரியாத தமிழர் அரிது. ஆனால் யாரைச் சொல்லச் சொன்னாலும் சிலம்பு உடையும், பாண்டியன் சாய்வான், மதுரை எரியும். கதையும் அத்தோடு முடிந்துவிடும். முழுசாக ஏழு காதைகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அவை தொடங்குவது ஒரு மலையில். அந்த மலை தங்கள் கூடலூருக்கு மேலே வண்ணாத்திப்பாறையில் இருக்கிறது என்பது கம்பம் பள்ளத்தாக்கு மக்களின் உறுதியான நம்பிக்கை. ஆகவே, சிலம்பு ஏன் முடிக்கப்படாத நூலாயிற்று என்று கேட்க இந்தப் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

மதுரைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். மதுரையின் மேற்கு வாசலில் கொற்றவை கோயில் முன்னே கண்ணகி தன் வளையலை உடைத்துப்போட்டுவிட்டு, வையைக் கரையோடு நடந்து நெடுவேள் குன்றம் ஏறுகிறாள். அங்கே ஒரு வேங்கை மரத்தடியில் நிற்கிறாள். மதுரை எரிந்த பதினான்காம் நாள் வானுலகத்தார் கோவலனோடு வந்து அவளை அழைத்துப்போகிறார்கள். அதைக் கண்ணால் கண்டவர்கள் மலையில் வாழும் குறவர். இவள் நம் குலத்துக்குத் தெய்வம் என்று அவர்கள் அன்றே குரவையாடி வணங்கிவிடுகிறார்கள். கண்ணகிக்கு முதல் வழிபாடு செய்தவன் சேரன் செங்குட்டுவன் என்று மேடைகளில் கேட்டிருப்போம். நூல் அப்படிச் சொல்லவில்லை. அரசன் பிற்பாடு மலைவளம் பார்க்க வந்து பேரியாற்று மணலில் தங்கியிருக்கும்போது, யானைத் தந்தம், அகில், தேன், சந்தனம், ஏலம், மிளகு என்று மலைப்பொருள்களைச் சுமந்துவந்து காணிக்கை வைத்த அதே மலைமக்கள் சொல்லித்தான் அவனுக்கு இப்படி ஒருத்தி இருந்தாள் என்பதே தெரியவருகிறது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காணிக்கைப் பட்டியல் பழந்தமிழாகவே தோன்றாது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. குறவருக்குக் கதையின் முடிவு தெரியும், தொடக்கம் தெரியாது. ஒரு மார்பை இழந்து வந்து நின்ற அந்தப் பெண் யார், எந்த ஊர், என்ன வழக்கு, எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அரசன் பக்கத்தில் இருந்த புலவர் சாத்தனாருக்கோ மதுரையில் நடந்தது அத்தனையும் தெரியும். வெள்ளியம்பலத்தில் நள்ளிரவில் படுத்திருந்தபோது மதுரைத் தெய்வம் கண்ணகியிடம் பேசியதைக் காதால் கேட்டதாகப் பதிகத்தில் அவரே சொல்கிறார். ஆனால் அவள் மலையேறிய பின் என்ன ஆனாள் என்பது மலையில் இருந்தவர்கள் சொல்லித்தான் தெரியவேண்டும். நகரத்துப் புலவரிடம் பாதி, மலைக்காரர்களிடம் பாதி. இரண்டும் சந்தித்ததால்தான் இளங்கோவுக்குக் காப்பியம் கிடைத்தது. காப்பியம் தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும் இந்தச் செய்தியை வைத்துப் பார்த்தால், இன்று தமிழ்நாட்டின் கையில் இருப்பது சாத்தனாரின் பாதி மட்டும்தான்.

இந்த நிலை எப்படி வந்தது? முதலில் உரையைப் பார்ப்போம். உரையில்லாமல் பழைய காப்பியத்துக்குள் போகிற துணிச்சல் புலவர்களுக்கே குறைவு. சிலம்புக்குப் பழைய உரைகள் இரண்டு. அரும்பதவுரை நூல் முழுவதற்கும் இருக்கிறது. ஆனால் அது அருஞ்சொற்களுக்குப் பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். விரிவாக, இசையும் கூத்தும் உள்பட எல்லாவற்றையும் அவிழ்த்துக்காட்டுவது அடியார்க்குநல்லார் உரைதான். அந்த உரை நமக்குக் கிடைத்திருப்பது வழக்குரை காதைக்கு முன்பு வரை மட்டுமே. இடையில் கானல்வரிக்கும் இல்லை. வஞ்சிக் காண்டத்தின் ஏழு காதைகளில் ஒன்றுக்குக்கூட அவர் துணை இல்லை. கைகாட்டி பாதி வழியில் நின்றுவிட்ட பாதையில் எத்தனை பேர் மேலே போவார்கள்? அச்சு வந்தபோதும் அதே கதைதான். உ.வே. சாமிநாதையரின் 1892ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்பே சிலம்பு அச்சேறியது உண்டு. சுப்பராயச் செட்டியார் 1880இல் வெளியிட்டார். ஆனால் அது புகார்க் காண்டம் மட்டும். அச்சில் சிலப்பதிகாரம் என்றால் புகார்க் காண்டம் என்றிருந்த காலம் ஒன்று உண்டென்பதை நாம் மறந்துவிட்டோம். சாமிநாதையர் முழு நூலையும் பழைய உரைகளோடு கொடுத்த பிறகும், எளிய வாசகர் முதலிலிருந்து கடைசி வரை கையைப் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய ஓர் உரைக்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. ந.மு. வேங்கடசாமி நாட்டாரின் உரை 1942இல்தான் வந்தது.

அதே 1942இல் இன்னொன்றும் வந்தது. ஜூபிடர் கம்பெனியின் ‘கண்ணகி’ படம்: பி. கண்ணாம்பா, பி.யு. சின்னப்பா, இளங்கோவன் வசனம். எது எத்தனை பேரைச் சென்றடைந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. அதற்கும் முன்பே தென்மாவட்டங்களில் சங்கரதாஸ் சுவாமிகளின் கோவலன் நாடகம் திருவிழாதோறும் விடிய விடிய நடந்துகொண்டிருந்தது. பெரிய எழுத்துக் கோவலன் கதை சந்தைக் கடைகளில் விற்றது. 1964இல் ‘பூம்புகார்’ படம் கருணாநிதியின் வசனத்தோடு வந்தது. நாடகமோ படமோ, பார்வையாளர் காத்திருந்தது அரசவைக் காட்சிக்குத்தான். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் எழுப்பப்பட்ட கண்ணகி சிலையும் சிலம்பை ஏந்தி நீதி கேட்கிற கோலத்தில்தான் நிற்கிறது. பள்ளிப் பாடநூலிலும் வழக்குரை காதைக்குத்தான் வழக்கமாக இடம். இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. நாடகக்காரனுக்கு உச்சம் வேண்டும், பாடநூலுக்கு 40 வரி வேண்டும். ஆனால் உரை, அச்சு, மேடை, திரை, சிலை, பாடம் என்று வாசகர் நூலுக்குள் நுழையும் வாசல்கள் அனைத்தும் அவரை மதுரை வரை கொண்டுவந்து அங்கேயே இறக்கிவிட்டன. அதன்பிறகு அவர் மேலே போகவில்லை என்று அவரைக் குறைசொல்வது நியாயமில்லை.

இதற்கு மறுப்பு ஒன்று உடனே எழும். வஞ்சிக் காண்டமா தெரியாது? கனக விசயரின் தலையில் கல்லேற்றிக் கொண்டுவந்த கதையைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு மேடையும் சொல்லியிருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ம.பொ.சி. 1950களின் தொடக்கத்தில் சிலப்பதிகார விழாக்களைத் தொடங்கினார். திராவிட இயக்கப் பேச்சாளர்கள் இமயத்தில் பொறித்த வில்லைப் பேசாத கூட்டமில்லை. ஆனால் அந்த மேடைகள் வஞ்சிக் காண்டத்திலிருந்து எடுத்துக்கொண்டது படையெடுப்பை மட்டும். ஏழில் இரண்டு காதைகள் என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் வேடிக்கை என்னவென்றால், வாசிப்பவருக்கு வஞ்சிக் காண்டத்தில் மிகவும் சிரமம் தருவது அந்தக் கால்கோட் காதைதான். நீண்ட தொடர்களில் படை போய்க்கொண்டே இருக்கும். கடினமான பகுதி பேச்சில் பரவியது. எளிதான, ஆடிப்பாடத் தக்க குன்றக் குரவையோ யார் கண்ணிலும் படாமல் போயிற்று. மேடை கொடுத்தது ஒரு வெற்றிச் செய்தி. அந்தக் கல் எதற்காக, யார் சொல்லி எடுக்கப்பட்டது என்று கேட்டால் கதை மறுபடியும் மலைமக்களிடம் வந்து நிற்கும். அங்கே மேடை வரவில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. நூலை முடிக்க வேண்டும் என்பதே அச்சுக் காலத்து ஆசை. நம் மரபில் யார் எதை முடித்தார்கள் என்று கேட்கலாம். சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடு, மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் குலப் பெருமையாகச் சொல்கிறது. அந்தப் பாரதம் ஒருபுறமிருக்க, ஊர்களில் படித்துப் பொருள் சொல்லப்பட்டது வில்லிபுத்தூராரின் பாரதம். அது பத்துப் பருவங்களோடு, பதினெட்டாம் நாள் போரோடு நின்றுவிடும். உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் இருக்கும் முஸ்லிம் குடும்பங்களின் இலக்கியப் பெருமையான சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் நபிகள் வாழ்வை இறுதி வரை பாடி முடிக்கவில்லை. வேறொருவர் ‘சின்ன சீறா’ என்று தொடர வேண்டியிருந்தது. கம்பனைப் படிப்பவர் பட்டாபிஷேகத்தோடு மூடிவிடுவார்; உத்தர காண்டத்துக்குப் போகிறவர் குறைவு. எழுதியவர்களே முடிக்காததைப் படிக்கிறவர் முடிக்கவில்லை என்று குற்றம் சொல்லலாமா?

கேள்வி நியாயமானது. ஆனால் அந்த உதாரணங்களையே உற்றுப் பாருங்கள். கம்பராமாயணத்தைப் பட்டாபிஷேகத்தில் நிறுத்துவது நினைத்த இடத்தில் நிறுத்துவது அல்ல. பாராயணம் செய்கிறவர் அன்றன்றைக்கு நிறுத்துவதையும்கூட அமங்கலமான இடத்தில் நிறுத்த மாட்டார். சாவிலோ சாபத்திலோ ஏட்டைக் கட்டிவைக்கக் கூடாது என்பது வாசிப்பு மரபின் விதி. இன்னும் இரண்டு பாட்டுப் படித்து நல்ல இடத்துக்கு வந்த பிறகே கட்டுவார்கள். மரபு நிறுத்துகிறது, ஆனால் பார்த்து நிறுத்துகிறது. சிலம்பை மட்டும் நாம் நேர்மாறாக, நகரம் எரிந்துகொண்டிருக்கும்போது நிறுத்திவிட்டோம். இது மரபு செய்த வேலை அல்ல என்பதற்குக் கடல் கடந்து ஒரு சான்றும் இருக்கிறது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது ‘கண்ணகி வழக்குரை’ என்ற காவியம் நாள்தோறும் பாடப்படுகிறது. பெயரிலேயே வழக்குரை இருந்தாலும் அவர்கள் வழக்கோடு எழுந்து போய்விடுவதில்லை. கடைசியில் குளிர்த்தி பாடுவார்கள். எரித்தவளின் சினத்தைத் தணித்துக் குளிரச் செய்யாமல் சடங்கு முடியாது. அந்த மக்கள் இளங்கோவைப் படித்தவர்கள் அல்லர். அவர்கள் பாடுவது வேறு நூல். இருந்தும், இந்தக் கதையை மதுரையில் விடக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்குக்கும் அது ஒருவகையில் தெரிந்தே இருக்கிறது. கூடலூருக்கு மேற்கே, தமிழ்நாடு கேரள எல்லை மலையில் இருக்கிறது மங்கலதேவி கோயில். இடிந்த கற்கட்டடங்கள்தாம், ஆண்டு முழுவதும் காட்டுக்குள் பூட்டிக்கிடக்கும். எல்லைச் சிக்கலும் வனச் சட்டமும் சேர்ந்துகொண்டதால், சித்திரைப் பௌர்ணமி ஒரு நாள் மட்டும், தேனி, இடுக்கி இரண்டு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசி வழிவிடுகின்றன. குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். லோயர் கேம்ப் அருகே பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் காட்டுவழியில் ஏறலாம். மேலே பெண்களுக்கு வளையலும் மஞ்சள் கயிறும் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். கணவனைப் பறிகொடுத்து வளையலை உடைத்தெறிந்த ஒருத்தியின் சன்னதியில் வளையல் எப்படிப் பிரசாதமாகும்? மதுரைக் காண்டத்தோடு மூடியவருக்கு இது விளங்கவே விளங்காது. குன்றக் குரவை வரை வந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது: அவள் அந்த மலையில் கணவனோடு சேர்ந்துவிட்டாள். வளையலை வாங்கிக் கையில் போட்டுக்கொண்டு இறங்கும் பெண்களில் பலர் சிலப்பதிகாரத்தில் ஒரு வரியும் படித்திருக்க மாட்டார்கள். காப்பியத்தின் முடிவு நூலகத்தில் இல்லாமல் சடங்கில் தங்கியிருக்கிறது.

இந்தக் கோயில்தான் சிலம்பு சொல்லும் இடம் என்பதே நிறுவப்படவில்லையே என்று சிலர் சொல்வார்கள். திருச்செங்கோட்டு மலையைச் சொல்லும் பழைய உரைக் கருத்து உண்டு. கொடுங்கல்லூர் பகவதி கோயிலைச் சொல்வோர் உண்டு. செங்குட்டுவன் கோயில் எடுத்தது வஞ்சி நகரில், மலையுச்சியில் அல்ல என்பதும் சரி. இப்போது நிற்கிற கட்டடமோ இளங்கோவுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டாலும் என் வாதம் அசையாது. எனக்கு வேண்டியது இந்த இடம் எப்படி அடையாளம் காணப்பட்டது என்பதுதான். 1963இல் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் இதைக் கண்ணகி கோட்டம் என்று அறிவித்தபோது அவர் கையில் இருந்த துப்புகள் வஞ்சிக் காண்டத்தைச் சேர்ந்தவை. கடைசிக் காதையான வரந்தரு காதையில், உயர்ந்த மலைமேல் மங்கல மடந்தை கோட்டம் ஒன்றும் அதனருகே சுனையும் வருகின்றன. அந்தச் சுனைநீரைக் கரகத்தில் கொண்டுவந்து மூன்று சிறுமிகள்மேல் தெளிக்கிறார்கள். தெளித்ததும் மூவரும் முற்பிறவி நினைவு வந்து பேசத் தொடங்குகிறார்கள்: ஒருத்தி கண்ணகியின் தாய், ஒருத்தி கோவலனின் தாய், ஒருத்தி அடைக்கலம் கொடுத்த இடைக்குல மூதாட்டி மாதரி. பிஞ்சுக் குழந்தைகளின் வாயிலிருந்து மூன்று கிழவிகளின் அழுகை வருகிறது. தமிழில் இதற்கு நிகரான காட்சிகள் அதிகமில்லை. அதைப் படித்தவர்களும் அதிகமில்லை. அந்தப் பக்கங்கள் வரை போன ஒருவர், அவற்றை வைத்துக்கொண்டு வையையின் கரையோடு மேற்கே தேடியதால்தான் பள்ளத்தாக்குக்கு இந்தக் கோட்டம் கிடைத்தது. அடையாளம் சரியோ தவறோ, முடிவு வரை படித்த வாசிப்பின் விளைவு அது. அதே கடைசிக் காதையில்தான் இலங்கைக் கயவாகு வருகிறான். அவனை வைத்துத்தான் வி. கனகசபை 1904இல் எழுதிய நூல் தொடங்கிச் சங்க காலக் கணிப்பு பெரிதும் நடந்தது. வாசகர்கள் தொடாத பக்கங்களின்மேல் வரலாற்றாசிரியர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள்.

வஞ்சிக் காண்டமே பிற்சேர்க்கை என்ற ஆய்வுக் கருத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்படியானால் மதுரையோடு மூடியவர்கள்தாம் சரியாகப் படித்தவர்கள் என்றாகிவிடும். நான் இதை ஏற்கவில்லை. நூல் மூன்று உண்மைகளை நாட்ட வந்ததாகப் பதிகம் சொல்கிறது. அரசு தவறினால் அறமே கூற்றுவனாகும் என்பதும், ஊழ்வினை விடாது என்பதும் மதுரையோடு நிறைவேறிவிடுகின்றன. பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர் என்ற மூன்றாவது மட்டும் வஞ்சிக் காண்டம் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். பதிகமும் பிந்தியது என்று வாதிடுவோருக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: பிந்தியவர் யாராக இருந்தாலும், கதை மதுரையில் முடியக் கூடாது என்று கருதிய முதல் வாசகர் அவர்.

மதுரையோடு நிறுத்தியதால் நமக்கு என்ன நட்டம் என்று கேட்டால், கண்ணகி நமக்கு வெறும் கோபமாக மிஞ்சிவிட்டாள். கோபத்துக்குப் பின் வரும் பதினான்கு நாள் நடை, முன்பின் தெரியாத ஒருத்தியைக் கண்டதும் வணங்கிய மலைமக்கள், மூன்று சிறுமிகளின் அழுகை, எல்லாம் கையைவிட்டுப் போயின. அதைவிடப் பெரிய நட்டம், அரசர்களுக்கும் வணிகர்களுக்கும் உரிய கதையாக இது குறுகிப்போனது. முடிவைப் பாதுகாத்துக் கொடுத்தவர்கள் காட்டில் வாழ்ந்தவர்கள் என்பது அச்சடித்த நூலில் தெளிவாக இருந்தும், பொது நினைவில் இல்லை. சிலம்பின் குறவர்தாம் இன்றைய பளியர் என்று சொல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் கோயிலுக்கு ஏறும் நடைபாதை பளியரின் குடியிருப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அதைக் கடந்துபோகிறவர்களுக்கு, கண்ணகியை முதலில் வணங்கியவர்கள் மலைவாசிகள் என்று அவர்களின் காப்பியமே சொல்வது தெரிந்திருந்தால் நல்லது.

ஆகவே தேனி மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிலப்பதிகாரத்தை மங்கல வாழ்த்திலிருந்து தொடங்கி முப்பதையும் முடிக்க வேண்டும் என்று யாரும் சபதம் எடுக்க வேண்டாம். அப்படி எடுத்தவர்கள்தாம் அரங்கேற்று காதையின் இசை இலக்கணத்தில் மாட்டிக்கொண்டு திரும்பியவர்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் வேங்கடசாமி நாட்டார் உரையைக் கேட்டு வாங்கி, நேராக 24ஆவது காதையான குன்றக் குரவையைப் பிரியுங்கள். கால்கோட் காதையில் களைத்தால் தாண்டிப் போங்கள், தவறில்லை. வாழ்த்துக் காதையையும் வரந்தரு காதையையும் மட்டும் விடாதீர்கள். மதுரை எரிந்த கதைதான் உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமே.